வானிலிருந்து தெரியாத சாக்கடை



பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள், உங்கள் தெருவைப் படம் எடுத்து அனுப்புகிறது. அதில் கூரை தெரியும், மரம் தெரியும், சாலை தெரியும். ஆனால் சாலையோரச் சாக்கடை எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது, சென்ற மழையில் எந்த வீட்டுக்குள் எவ்வளவு உயரம் நீர் ஏறியது என்பவை தெரியுமா? தெரியாது. அவற்றை அறிந்தவர்கள் அத்தெருவில் வாழ்பவர்களே. ஆகவே, நல்ல வரைபடம் வேண்டுமானால் வல்லுநர்களும் மாணவர்களும் ஊர் மக்களும் ஒன்றுகூட வேண்டும் என்பது என் கருத்து.

இதைச் செய்துகாட்டிய நகரம் ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில், இந்தியப் பெருங்கடலின் கரையில் அமைந்துள்ள டார் எஸ் சலாம்தான் அது. தான்சானியா நாட்டின் மிகப் பெரிய நகரம். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே அங்கு 43 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர், திட்டமிடாமல் வளர்ந்த குடியிருப்புகளில் இருப்பவர்கள். 2011 டிசம்பரில் பெய்த பெருமழையில் வெள்ளம் புகுந்து பலர் மாண்டனர். பல குடியிருப்புகளுக்கு விரிவான வரைபடம்கூட அப்போது இல்லை.

2015இல் அங்கே 'ரமானி ஹுரியா' என்ற முயற்சி தொடங்கியது. சுவாஹிலி மொழியில் இதற்குத் 'திறந்த வரைபடம்' என்று பொருள். வரைபட வல்லுநர்கள் பயிற்சி அளித்தனர். பல்கலைக்கழக மாணவர்கள் கைபேசியுடன் தெருத்தெருவாக நடந்தனர். வழிகாட்டியவர்கள் அப்பகுதி மக்கள். ஆளில்லாச் சிறு விமானங்கள் எடுத்த படங்களின்மேல் வீடுகளையும் பாதைகளையும் வரைந்தார்கள். வடிகால்களின் அகலம், ஆழம் முதலியவற்றை அளந்தார்கள். வெள்ளம் எதுவரை வந்தது என்று குடியிருப்போரிடமே கேட்டுக் குறித்தார்கள்.

இப்படிச் சேர்த்த செய்திகளால் என்ன பயன்? இங்கேதான் புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜி.ஐ.எஸ்., உதவிக்கு வருகிறது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் வடிகால்கள், ஒன்றில் நிலத்தின் மேடுபள்ளம், மற்றொன்றில் வீடுகள். ஒவ்வோர் இடமும் அட்சரேகை, தீர்க்கரேகையால் குறிக்கப்படுவதால் எல்லாத் தாள்களும் பிசகாமல் பொருந்தும். பிறகு, "அடைபட்ட வடிகாலுக்கு 50 மீட்டருக்குள், தாழ்வான நிலத்தில் உள்ள வீடுகள் எவை?" என்று கணிப்பொறியைக் கேட்கலாம். உடனே விடை கிடைக்கும். ஆனால் வடிகால் அடைபட்டிருப்பதை யாராவது நேரில் பார்த்துப் பதிந்திருக்க வேண்டுமே!

"மாணவர்கள் வரைந்தால் பிழை வராதா?" என்று சிலர் கேட்கலாம். வரும். ஆனால் திறந்த வரைபடத்தில் பிழையைக் காண்பவர் எவரும் திருத்தலாம். அனுபவமுள்ளவர்கள் புதியவர்களின் வேலையைச் சரிபார்க்கலாம். பூட்டிய அலமாரிக்குள் கிடக்கும் வரைபடத்தின் பிழையை யார் திருத்துவார்கள்?

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. முறையான பட்டா இல்லாத குடியிருப்பை வரைபடத்தில் ஏற்றினால், அதுவே தங்களை வெளியேற்றக் காரணமாகுமோ என்று மக்கள் அஞ்சலாம். அந்த அச்சத்தை ஒதுக்கிவிடக் கூடாது. எதைப் பதிவது, எதை விடுவது என்பதை அங்கு வாழ்வோரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கருவியைக் கையாளத் தெரிந்தால் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டிலும் வழி எளிதாகியுள்ளது. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், வரைபடம் தயாரிக்க முன் அனுமதி பெறவேண்டிய நிலையைப் பெருமளவு மாற்றின. பாதுகாப்பு தொடர்பான இடங்களுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் உலக வரைபடத்தில் எவரும் பங்கேற்கலாம். 'கியூ.ஜி.ஐ.எஸ்.' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

கணிப்பொறி இல்லையா? கவலை வேண்டாம். தாளும் பென்சிலும் அளவு நாடாவும் போதும். ஆசிரியரின் துணையோடு பள்ளியைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களின் வடிகால்களை வரையுங்கள். அடைப்புகளைச் சிவப்பில் குறியுங்கள். சென்ற மழையைப் பற்றிப் பெரியவர்களிடம் கேளுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறையினரிடம் காட்டித் திருத்தம் பெறுங்கள். பிறகு, ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் ஒரு படி கொடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.