சர்க்கரைச் சோதனையிலும் இரண்டு நீதியா?

நீரிழிவு பணக்காரர் வியாதி என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தார்கள். மெத்தையில் சாய்ந்து உண்பவனுக்கு வருவது, வெயிலில் மண் சுமப்பவனை அண்டாது என்று நம்மவர்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. 10 கோடிக்கு மேற்பட்ட இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்கிறது அது.

நோய் ஆள் பார்த்து வருவதில்லை. சோதனைதான் ஆள் பார்த்து வருகிறது.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்ப்பது அந்த நிமிடத்துக் கணக்கு மட்டுமே. முதல் நாள் அரைவயிறாகப் படுத்தவருக்கு மறுநாள் காலையில் குறைவாகக் காட்டலாம். 'சுகர் இல்லை' என்று அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். எச்.பி.ஏ.1சி என்ற சோதனை அப்படி ஏமாறாது. நம் தாய்மார்கள் அதை 'மூணு மாச சுகர்' என்கிறார்கள். டாக்டர்கள் வைத்த பெயரைவிட இது தெளிவான பெயர். இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிர் வாழும். அதில் ஒட்டிய சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதம் உடம்பு எப்படி இருந்தது என்பதை அச்சோதனை சொல்லிவிடும். நோய் கட்டுக்குள் இருப்பவர் ஆண்டுக்கு இரு முறையேனும், இல்லாதவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் அதைச் செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவ நெறி. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட இன்றியமையாத சோதனைகளின் முதல் பட்டியலிலேயே இதற்கு இடம் உண்டு.

நடப்பது என்ன? மேலே சொன்ன ஆய்வின் இன்னொரு பகுதி 2022-ல் வெளிவந்தது. தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்களிலேயே சர்க்கரையை நன்கு கட்டுக்குள் வைத்திருப்போர் 36.3 சதவீதம்தான். வீட்டில் தாமாகச் சோதித்துப் பார்ப்போர் 16.7 சதவீதம். நோய் இருப்பதையே அறியாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

நகரி, புத்தூர் விசைத்தறிக் கொட்டகைகளிலும், சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளிலும், திருப்பதியின் கட்டட வேலைகளிலும் ஓட்டல்களிலும், சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியிலும் உழைக்கும் நம் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். சுகாதார ஊழியர் கணக்கெடுக்க வரும்போது நம் கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்த் தருகிறது. எல்லை தாண்டிப் பிழைக்க வந்த மகனை எந்த மருத்துவமும் தேடுவதில்லை. 1911 வரை வட ஆற்காட்டோடு ஒன்றாயிருந்த மண்தான் இது. ஆனால் வேலூர் டாக்டர் எழுதிய சீட்டைச் சித்தூரில் காட்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தனியார் லேபுக்குப் போனால் சில நூறு ரூபாய். அதோடு ஒரு நாள் கூலியும் போகும். பெண்கள் பாடு சொல்லவே வேண்டாம். கர்ப்ப காலத்தில் சோதித்ததோடு சரி, பிறகு புருஷனுக்கும் பிள்ளைக்கும் செலவானது போகத்தான் அவர்களுக்கு.

கடைசியில் கால் புண் அழுகிய பிறகு ரூயா ஆஸ்பத்திரிக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ ஓடுகிறோம். சிறுநீரகம் பழுதானபின் சுவிம்ஸ் வாசலில் காத்திருக்கிறோம். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்குத்தான். விரலை வெட்டுவதற்கு அதில் வழி உண்டு. வெட்டும் நிலை வராமல் காக்கும் புறநோயாளிச் சோதனைக்கு வழி இல்லை. இதைத் திட்டம் என்று வகுத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது!

சட்டத்தில் நமக்கு இருப்பதையாவது கேட்டு வாங்க வேண்டாமா? ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட ஆலையில், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரானாலும், 2017-ல் வகுத்த 21,000 ரூபாய் வரம்புக்குள் சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. உரிமை உண்டு. நம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டவேண்டும். மருந்தும் சோதனையும் குடும்பத்தாருக்கும் சேர்த்துத்தான். பணம் பிடிக்கிறார்கள், அட்டை எங்கே என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடங்களுக்கு அதுவும் இல்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி நமக்குள்ள கசப்பு வேறு விஷயம். அவற்றில் 40 வயதைக் கடந்த தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று அரசே அறிவித்திருக்கிறது. மூணு மாச சுகரை அதில் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவோம்.

இரண்டு அரசுகளிடமும் நாம் கேட்பது பெரிதல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தச் சோதனைக்கு இரத்தம் எடுக்கவேண்டும். முகவரி கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. வேலை முடிந்து வருபவர்களுக்காக வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் எடுக்கவேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட ஒரே நோயாளிப் புத்தகம் கையில் தரவேண்டும். வேலூரில் எழுதியது சித்தூரிலும், சித்தூரில் எழுதியது வேலூரிலும் செல்லவேண்டும். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இச்சோதனை சில வேளை தப்பாகக் காட்டும். ஆகவே ஹீமோகுளோபினையும் கூடவே பார்க்கவேண்டும்.

இவற்றை மனுவாக எழுதிச் சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியர்களிடம் கொடுக்க இருக்கிறோம். தோழர்கள் தம்மிடமுள்ள சோதனைச் சீட்டுகளின் நகலைச் சங்கக் கிளையில் சேர்க்க வேண்டும். சீட்டே இல்லாதவர்கள், எத்தனை வருஷமாக மாத்திரை தின்கிறோம், எத்தனை முறை இரத்தம் எடுத்தார்கள் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.