காணாமற்போன ஜாக் கேட்

ஷேக்ஸ்பியரின் பெயர் பொறித்த எதையும் கை கூப்பி வரவேற்பதும், பிலிப்பா கிரெகரியின் பெயரைக் கண்டவுடன் முகம் சுளிப்பதும் இலக்கிய வாசகர்களிடையே ஓர் அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது. 2016இல் பிபிசி ஒளிபரப்பிய 'தி ஹாலோ கிரவுன்' தொடரின் இரண்டாம் பகுதி, அதாவது ரோஜாப் போர்களைச் சொல்லும் மூன்று படங்கள், இந்த அனிச்சையின் தயவில்தான் கேள்விக்கு உள்ளாகாமல் தப்பித்துவருகின்றன. கிரெகரியின் நாவல்களிலிருந்து எடுக்கப்பட்ட 'தி ஒயிட் குவீன்' (2013) வெறும் அந்தப்புரக் கிசுகிசு, இதுவோ செவ்வியல் என்பது பொதுவான தீர்ப்பு. அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

'தி ஒயிட் குவீன்' குறைகளற்றது என்று வாதிட வரவில்லை. ஆகஸ்ட் 22ஆம் நாள் நடந்த பாஸ்வொர்த் போரைப் பனி படர்ந்த காட்டுக்குள் நடத்திக்காட்டிய தொடர் அது. உண்மையாகவே பனிப்புயலுக்கு நடுவே நடந்த டவ்டன் போர் 1461இலேயே முடிந்துவிட்டது. கதையோ 1464இல்தான் தொடங்குகிறது. இருந்த பனியை இல்லாத போருக்குச் செலவழித்துவிட்டார்கள் போலும். ஆனால் இது பருவம் பற்றிய பிழை. சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். 'தி ஹாலோ கிரவுன்' செய்திருப்பது பிழையன்று, தேர்வு.

'ஆறாம் ஹென்றி'யின் மூன்று நாடகங்களை இரண்டு படங்களாகச் சுருக்கியபோது, இரண்டாம் நாடகத்தின் நான்காம் அங்கத்தை நிரப்பி நிற்கும் ஜாக் கேடின் கலகத்தை முழுவதுமாக வெட்டி எறிந்துவிட்டார்கள். நேரமில்லை என்பது வழக்கமான சமாதானம். ஆனால் அதே படத்தின் தொடக்கத்தில், 'டிராய்லஸ் அண்ட் கிரெசிடா' என்ற வேறொரு நாடகத்திலிருந்து யுலிஸஸின் பேச்சை எடுத்து ஒட்டவைக்க நேரம் இருந்திருக்கிறது. அந்தப் பேச்சு எதைப் பற்றியது? மேல் கீழ் என்ற படிநிலை குலைந்தால் உலகமே குலைந்துவிடும் என்பதைப் பற்றியது. படிநிலையைப் போற்றும் வரிகள் அழைப்பில்லாமலே உள்ளே வந்து அமர்ந்துகொள்ள, அதை எதிர்த்த கூட்டம் சொந்த நாடகத்திலிருந்தே வெளியேற்றப்படுகிறது. இதற்குப் பெயர் சுருக்கமா?

கேட் யார் என்பதைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1449இல் நாடாளுமன்றத்தில் அரச கடன் 3,72,000 பவுண்டு என்று சொல்லப்பட்டது. நார்மண்டி கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 1450இல் கென்ட் பகுதி மக்கள் கேடின் தலைமையில் லண்டனுக்குள் நுழைந்தார்கள். கையில் ஆயுதம் மட்டுமல்ல, எழுதிய முறையீடும் இருந்தது. அதிகாரிகளின் கொள்ளை, தேர்தல் முறைகேடு, அரசனைச் சூழ்ந்திருந்த துர்ப்போதனையாளர்கள், பிரான்சில் இழந்த நிலங்கள் என்று பட்டியலிட்டிருந்தார்கள். யார்க் கோமகனை அரசனின் அருகே அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. முதல் செயின்ட் ஆல்பன்ஸ் போருக்கு ஐந்தே ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. இதை நீக்கிவிட்டால் யார்க்கின் எழுச்சிக்கு என்ன காரணம் மிஞ்சுகிறது? பொறாமையும் வம்சாவளிப் பட்டியலும்தான். போதாக்குறைக்கு, மக்களின் வெறுப்புக்கு இலக்காகி 1450இலேயே கொல்லப்பட்ட சஃபோக்கையும் நீக்கிவிட்டு, ராணியுடனான அவனது காதலை மட்டும் சாமர்செட்டின் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஓர் உள்நாட்டுப் போர் பங்காளிச் சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. கிரெகரியின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டும் இதேதான் அல்லவா?

ஷேக்ஸ்பியரின் கேடே ஒரு கேலிச்சித்திரம்தானே, அவனை வெட்டியதில் என்ன நஷ்டம் என்று ஒரு நண்பர் கேட்டார். கேலிச்சித்திரம்தான். எழுதிய முறையீட்டோடு வந்தவர்களை எழுத்தறிவையே வெறுக்கும் கும்பலாக்கியது ஷேக்ஸ்பியர் செய்த அநீதி. 1381ஆம் ஆண்டுக் குடியானவர் கிளர்ச்சியின் சாயலையும் அதன்மேல் பூசிவிட்டார். ஆனால் அவதூறுக்கு மறுமொழி சொல்லலாம். இன்மைக்கு யார் மறுமொழி சொல்வது? மேடையில் நிற்கும் கேட் எவ்வளவு கோமாளியாக இருந்தாலும் பசியைப் பற்றிப் பேசுகிறான். அந்த நாடகத்தில் பிரபுக்கள் யாரும் பேசாத விஷயம் அது.

இதற்கு முன்னால் வந்தவர்கள் இப்படிச் செய்யவில்லை. பீட்டர் ஹாலும் ஜான் பார்ட்டனும் 1963இல் மேடையேற்றி, 1965இல் பிபிசி ஒளிபரப்பிய 'தி வார்ஸ் ஆஃப் தி ரோஸஸ்' ஈவிரக்கமற்ற சுருக்கம். பார்ட்டன் தம் சொந்த வரிகளையே தாராளமாக எழுதிச் சேர்த்தார். அப்போதும் கேட் பிழைத்திருந்தான். 1983இல் ஜேன் ஹோவல் இயக்கிய பிபிசி வடிவம் சிறுவர் விளையாட்டுத் திடல் போன்ற ஒரே அரங்கில், சொற்பச் செலவில் எடுக்கப்பட்டது. போர் மூள மூள அந்த அரங்கின் வண்ணங்கள் மங்கிக் கருகும். முதல் நாடகத்தின் வீரநாயகன் டால்பட்டாக வந்த டிரெவர் பீகாக்கே இரண்டாம் நாடகத்தில் கேடாகவும் வந்தார். தேசத்துக்காகச் செத்தவனின் முகமே தேசத்தைக் கேள்வி கேட்கவும் திரும்பி வருகிறது. பெனடிக்ட் கம்பர்பேட்சின் ரிச்சர்ட் எத்தனை முறை கேமராவை உற்றுப் பார்த்தாலும் இந்த ஒரு நடிகர் தேர்வுக்கு ஈடாகாது.

இன்னும் கீழே, செவ்வியல் பட்டியலில் இடமே கிடைக்காத துப்பறியும் தொடர் ஒன்றுக்கு வருகிறேன். 1994இல் டெரெக் ஜேகபி நடிப்பில் தொடங்கிய 'கேட்ஃபேல்', ஸ்டீபனுக்கும் மாட்டில்டாவுக்கும் நடந்த பன்னிரண்டாம் நூற்றாண்டுப் போரைப் பின்புலமாகக் கொண்டது. அதன் முதல் கதைக்கு மூலமான எல்லிஸ் பீட்டர்ஸ் நாவலில், 1138இல் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்த ஸ்டீபன் காவற்படையினர் 94 பேரைத் தூக்கிலிடுகிறான். அடக்கம் செய்யப்போன துறவி எண்ணிப் பார்க்கிறார். 95 உடல்கள் இருக்கின்றன. தொண்ணூற்று நான்கு பேரைக் கொன்றது அரச நீதி. அதற்குள் ஒளித்துவைக்கப்பட்ட ஒரு சாவு மட்டும் கொலை. அந்த ஒருவனுக்காக அலையும் துறவி மற்ற 94 பேரையும் நம்மைப் பார்க்கவைத்துவிடுகிறார். பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒரு தொடர் பிணங்களை எண்ணுகிறது. செவ்வியல் என்று கொண்டாடப்படுவதோ மகுடங்களை எண்ணுகிறது.

2012இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்தில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2015இல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. கம்பர்பேட்சே அங்கு கவிதை வாசித்தார். 2022இல் 'தி லாஸ்ட் கிங்' என்ற படமும் வந்தது. 1996இல் டவ்டனில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. பெரும்பாலும் தலையிலேயே வெட்டுகள். அவர்களில் ஒருவனுக்குத் தாடையில் பழைய வெட்டுக்காயம் ஒன்று ஆழமாகப் பாய்ந்து நன்றாக ஆறியிருந்தது. முன்பு ஏதோ ஒரு போரில் பட்டுப் பிழைத்து, மறுபடியும் போருக்கு வந்திருக்கிறான். அவனுடைய பெயர் தெரியாது. எந்த ரோஜாவுக்காக வந்தான் என்பதும் தெரியாது.