மூடினால் தூங்க வேண்டாமா?

லினக்ஸ் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் ஒன்று உண்டு. காலையில் மடிக்கணினியின் மூடியைச் சாத்திப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸுக்கோ கல்லூரிக்கோ புறப்படுகிறார்கள். மத்தியானம் பையைத் திறந்தால், இட்லிக் கொப்பரையின் மூடியை எடுத்ததுபோல் குப்பென்று உஷ்ணம் முகத்தில் அடிக்கிறது. புறப்படும்போது பாட்டரியில் நூற்றுக்கு 80 பங்கு சக்தி இருந்தது. இப்பொழுது பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் திரையில் ஓர் ஒளிப்பொட்டுக்கூட இல்லை. மூடி சாத்தியிருந்தது வாஸ்தவந்தான். ஆனால் கணினி தூங்கவில்லை. காற்றோட்டமில்லாத இருட்டுப் பைக்குள், தன்னந்தனியாக விழித்துக்கொண்டு, விசிறியைச் சுழற்றிக்கொண்டு, யாருக்கும் பிரயோஜனமில்லாத உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதை அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெண்ணோ பிள்ளையோ மூன்று நாள் கண்விழித்து எழுதிய கட்டுரையின் கடைசிப் பக்கங்களைச் சேமிக்காமல் மூடியிருந்தால், பாட்டரி தீர்ந்த கணத்தில் அவை போனவைதான். அது போகட்டும் என்றாலும் பாட்டரியின் ஆயுள் இருக்கிறது. லித்தியம் பாட்டரிக்கு உஷ்ணத்தைப் போன்ற சத்துரு வேறு கிடையாது. வாரத்துக்கு இரண்டு நாள் பைக்குள் வெந்துகொண்டிருக்கும் பாட்டரி சீக்கிரத்தில் கிழடு தட்டிவிடும். புதுப் பாட்டரி வாங்க எழுந்து நிற்பவர் குடும்பத் தலைவர்தான், கணினி அல்ல.

இந்தப் புகாரைவிட, அதற்கு மக்கள் செய்துகொள்ளும் வைத்தியந்தான் எனக்கு அதிகக் கவலை அளிக்கிறது. இன்டர்நெட்டில் தேடினால் பத்துப் பேர் பத்து விதமான மருந்து எழுதியிருக்கிறார்கள். நம்மவர்கள் பத்தையும் ஒரே மாலையில் கொடுத்துவிடுகிறார்கள். ஜுரம் வந்த குழந்தைக்கு நாட்டு வைத்தியர் கஷாயம், ஹோமியோபதி மாத்திரை, டாக்டர் கொடுத்த மிக்ஸ்சர் எல்லாவற்றையும் ஏககாலத்தில் புகட்டினால் என்ன ஆகும்? ஜுரம் இறங்கினாலும் எதனால் இறங்கிற்று என்று தெரியாது. வாந்தி எடுத்தாலும் எதனால் என்று தெரியாது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த அமைப்பை மாற்றலாம்?" என்பதல்ல. "இந்த மூடியின்மீது அதிகாரம் யாருக்கு?" என்பதுதான்.

அதிகாரம் பல கை மாறி வந்திருக்கிறது. 1992-இல் இண்டெல், மைக்ரோஸாப்ட் என்ற இரு கம்பெனிகள் சேர்ந்து 'ஏ.பி.எம்.' என்றொரு முறையை வகுத்தன. அதன்படி மின்சாரச் சிக்கனத்தின் பெரும் பொறுப்பு கணினியின் பலகையிலேயே பொதிந்திருக்கும் 'பயாஸ்' என்ற பகுதியிடம் இருந்தது. 1996 டிசம்பரில் தோஷிபாவும் சேர்ந்துகொண்டு 'ஏ.ஸி.பி.ஐ.' என்ற புது முறையை வெளியிட்டார்கள். அது முதல் ராஜ்யபாரம் இயக்க முறைமையின் கைக்கு வந்தது. ஆனால் பழைய திவானை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. எந்தச் சாதனத்தை எப்படித் தூங்க வைப்பது என்ற குறிப்பேட்டை இன்றும் எழுதிக் கொடுப்பது பயாஸ்தான். அதை எழுதுகிறவர்கள் கணினிக் கம்பெனிக்காரர்கள். அவர்களில் பலர் தங்கள் யந்திரத்தை விண்டோஸுடன் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கணினியைத் திறந்ததும் அந்தக் குறிப்பேடு, "வந்திருப்பது யார்?" என்று இயக்க முறைமையைக் கேட்கும். "லினக்ஸ் வந்திருக்கிறேன்" என்று சொன்னால், யாரும் சோதித்துப் பாராத மூலைக்கு அழைத்துக்கொண்டு போய் விட்டுவிடக்கூடும். ஆகையால் லினக்ஸ் என்ன செய்கிறது தெரியுமா? "நான் விண்டோஸ்" என்று பதில் சொல்லுகிறது! நகர சோதனைக்கு மாறுவேடத்தில் கிளம்பும் ராஜாவைக் கதைகளில் படித்திருக்கிறோம். நம் வீட்டு மேஜையின்மேல் தினந்தோறும் அதே கதை நடந்துகொண்டிருக்கிறது.

பயாஸுக்கு மேலே லினக்ஸின் உட்கரு. இதைக் 'கெர்னல்' என்பார்கள். 1991-இல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இதுதான். அதற்கு மேலே 'லாகின்டி' என்றொரு காரியஸ்தர். பொத்தான், மூடி இவற்றைக் கவனிப்பது இவர் வேலை. அதற்கும் மேலே நாம் கண்ணால் பார்க்கிற மேஜைத்தளம். க்னோம் என்றும் கே.டி.ஈ. என்றும் பல உண்டு. இவற்றை ஆக்கியவர்கள் தேசந்தோறும் சிதறிக் கிடக்கும் தனித்தனிக் குழுவினர். சென்னையில் ஸி-டாக் ஸ்தாபனத்தார் இந்திய பாஷைகளுக்காக உருவாக்கிய 'பாஸ்' என்னும் முறைமையும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். டெபியன் என்ற பெரிய வீட்டிலிருந்து கிளைத்தது. எல்லோரும் தங்கள் மூலப்பிரதியை ஒளிவுமறைவின்றி ஊருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது இவர்களுடைய பெருமை. ஒரே மூடிக்கு மூன்று நான்கு பேர் காவல் நிற்கிறார்கள் என்பது நம்முடைய கஷ்டம்.

அநேகர் தவறுகிற இடம் இதுதான். லாகின்டிக்கு ஒரு சட்டப் புத்தகம் உண்டு. அதில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்ற வரி, மூடியைச் சாத்தினால் உறங்க வைக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லுகிறது. சிலர் அந்த வரியில் திருத்தம் செய்துவிட்டுப் பலன் இல்லையே என்று தவிக்கிறார்கள். பாதிப் பேர் விஷயத்தில் காரணம் மிகச் சிறியது: வரியின் முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை நீக்கவில்லை. அந்தக் குறி இருக்கும்வரை அது வெறும் வியாக்கியானம், சட்டமல்ல. குறியை நீக்கியவர்கள் கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்தால் புதுச் சட்டம் அமலுக்கு வரும்.

இன்னும் சிலருக்குக் காரணம் வேறொரு வரியில் இருக்கிறது. கணினியுடன் வெளித்திரை ஒன்று இணைந்திருந்தால், லாகின்டி அதை 'மேஜையில் பொருத்தப்பட்டது' என்று கணக்கு வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் மூடியைச் சாத்துவதை அது லட்சியம் செய்யாது. பெரிய திரையில் வேலை பார்த்துவிட்டு, முதலில் மூடியைச் சாத்திப் பிறகு கம்பியைப் பிடுங்கிப் பையில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கம்பியை முதலில் எடுத்து, மூடியைப் பிறகு சாத்திப் பாருங்கள். ஒரு காசு செலவில்லாமல் வியாதி தீர்ந்தாலும் தீர்ந்துவிடும்.

கே.டி.ஈ. வைத்திருப்பவர்கள் லாகின்டியின் புத்தகத்தில் எத்தனை திருத்தம் செய்தாலும் பிரயோஜனமில்லை. ஏனெனில் கே.டி.ஈ.யின் மின்சார அதிகாரி, "மூடி விவகாரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், நீர் சும்மா இரும்" என்று லாகின்டியிடம் தடை உத்தரவு வாங்கி வைத்திருப்பார். மாற்றத்தை அவருடைய அமைப்புப் பக்கத்தில்தான் செய்ய வேண்டும். யார் யார் இத்தகைய தடை உத்தரவு வாங்கியிருக்கிறார்கள் என்ற ஜாபிதாவை, 'ஸிஸ்டம்டி இன்ஹிபிட்' என்ற கட்டளையை 'லிஸ்ட்' என்ற சொல்லோடு டெர்மினலில் கொடுத்தால் உடனே பார்க்கலாம். பெயர், காரணம் எல்லாம் அதில் இருக்கும். 'டிலே' என்று எழுதியிருப்பவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். தூங்குமுன் பாத்திரங்களை ஒழுங்கு செய்யச் சில விநாடி அவகாசம் கேட்கிறவர்கள் அவர்கள். மூடியின் பெயருக்கு எதிரே 'பிளாக்' என்று எவர் எழுதியிருக்கிறாரோ, அவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

இனி இரண்டாவது வகைப் புகார்: கணினி தூங்குகிறது, ஆனால் பாட்டரி கரைகிறது. இங்கே ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பாட்டரி 50 வாட்-மணி கொள்ளளவு உடையது என்று வைத்துக்கொள்வோம். தூக்கத்தில் அரை வாட் செலவானால் ராத்திரி 8 மணி நேரத்தில் 4 வாட்-மணி, அதாவது நூற்றுக்கு 8 பங்கு குறையும். அது பரவாயில்லை. காலையில் எழுந்து பார்க்கும்போது 40 பங்கு குறைந்திருந்தால், மணிக்கு மணி இரண்டரை வாட் போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பெயர் தூக்கமல்ல. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பது.

தூக்கத்திலும் இரண்டு ஜாதி உண்டு. பழைய ஜாதிக்கு லினக்ஸில் 'டீப்' என்று பெயர். நினைவகத்துக்கு மட்டும் சொற்ப மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றவற்றை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும் கும்பகர்ணத் தூக்கம். புதிய ஜாதி 'எஸ்-டு-ஐடில்' என்பது. இது கோழித் தூக்கம். ஒவ்வோர் உறுப்பும் தானாக அடங்கி ஒடுங்க வேண்டும். வீட்டில் ஒன்பது பேர் படுத்துவிட்டாலும் பத்தாவது ஆள் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு நாவல் படித்தால் மின்சார பில் ஏறத்தானே செய்யும்? அதைப்போல ஓர் உறுப்பு அடங்காவிட்டாலும் பாட்டரி கரையும். சில ஆண்டுகளாகக் கம்பெனிக்காரர்கள் இந்தக் கோழித் தூக்கத்தையே விரும்புகிறார்கள். விண்டோஸுக்கு அது ஏற்றது என்பதால்.

உங்கள் கணினி எந்த ஜாதி என்று தெரிந்துகொள்ளக் கெர்னலின் 'மெம் ஸ்லீப்' என்ற சிறு கோப்பைப் படித்தால் போதும். சதுர அடைப்புக்குள் இருப்பது இப்போது நடப்பில் உள்ளது. இரண்டு பெயர்களும் அங்கே இருந்து, அடைப்பு கோழித் தூக்கத்தைச் சுற்றி இருக்குமானால், கும்பகர்ணனைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். 'டீப்' என்ற பெயரே அங்கே இல்லையென்றால், அந்த யந்திரத்தில் அந்த வசதி இல்லை. இல்லாததைப் பலாத்காரமாக வரவழைக்க முயலுகிறவர்கள், தூங்கின கணினியை எழுப்ப முடியாமல் திண்டாடுவார்கள். அவர்கள் செய்யத்தக்கது, கம்பெனியார் பயாஸுக்குப் புதிய பிரதி வெளியிட்டிருக்கிறார்களா என்று பார்த்துப் போட்டுக்கொள்வதே.

ராத்திரி என்ன நடந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. லினக்ஸ் ஒரு கணக்கப்பிள்ளையைப்போல் நிமிஷத்துக்கு நிமிஷம் குறிப்பு எழுதி வைக்கிறது; 'ஜர்னல்' என்று அதற்குப் பெயர். மூடி சாத்தியது எப்பொழுது, தூக்கத்தில் நுழைந்தது எப்பொழுது, எந்த ஜாதித் தூக்கம், விழித்தது எப்பொழுது என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். 10.40-க்கு மூடி சாத்தப்பட்டதென்று இருந்து, அதன் கீழே தூங்கியதாகவே வரி இல்லாவிட்டால், தடை உத்தரவுக்காரரைத் தேட வேண்டும். தூங்கி, இரண்டு நிமிஷத்தில் விழித்திருந்தால், எழுப்பிவிட்டவரைத் தேட வேண்டும். அநேகமாக அது யு.எஸ்.பி. துளையில் செருகிய சுண்டெலியாக இருக்கும். பை குலுங்கும்போது சுண்டெலியும் குலுங்குகிறது. எஜமானர் வந்துவிட்டார் என்று கணினி எழுந்து உட்காருகிறது.

மூன்றாவது வகை, ஒரே அடுப்பில் இரண்டு சமையற்காரர்கள். க்னோம், கே.டி.ஈ. பக்கங்களில் சிக்கனம், சமநிலை, வேகம் என்று தேர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. பல முறைமைகளில் அதற்குப் பின்னால் இருந்து வேலை செய்வது 'பவர் புரொபைல்ஸ் டீமன்' என்பது. 'டி.எல்.பி.' என்று மற்றொரு கருவியும் பிரசித்தமானது. இரண்டும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒருவர் உப்புப் போட்டது தெரியாமல் மற்றவரும் உப்புப் போட்டால் சாம்பார் என்ன கதியாகும்? இவ்விரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கிவிட வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு, முறைமையோடு கூடவே வந்ததே போதுமானது என்பது என் அபிப்பிராயம். 2007-இல் இண்டெல் வெளியிட்ட 'பவர்டாப்' என்ற கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த உறுப்பு மின்சாரம் தின்கிறது என்று காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அதன் 'ஆட்டோ டியூன்' என்ற ஒரே கட்டளையால் எல்லாவற்றையும் சிக்கனப்படுத்தினால், சுண்டெலியும் இரண்டு விநாடி சும்மா இருந்தால் தூங்கிவிடும். கையை அசைத்த பிறகு தட்டுத் தடுமாறித்தான் எழுந்திருக்கும். அதை வைத்தியராக அல்ல, நாடி பார்க்கிறவராக வைத்துக்கொள்வதே உசிதம்.

நாளெல்லாம் சார்ஜர் செருகியபடியே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பல மடிக்கணினிகளில் 80 பங்கு நிரம்பியதும் மின்சாரத்தை நிறுத்தும்படி உத்தரவிடலாம். கே.டி.ஈ.யில் இதற்குத் தனி இடம் இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-லும் சேர்த்துவிட்டார்கள். வயிறு முட்ட முட்ட நிரப்பி, அதே நிலையில் உஷ்ணத்தில் வைத்திருப்பது லித்தியம் பாட்டரிக்கு ஆகாது.

நினைவகத்தை அப்படியே வட்டில் எழுதிவிட்டு முற்றிலும் அணைந்துபோகும் 'ஹைபர்நேட்' என்ற முறை கோழித் தூக்கக் கணினிகளுக்குச் சிறந்த மாற்றுத்தான். அதற்கு வட்டில் போதுமான 'ஸ்வாப்' இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். 'ஸெக்யூர் பூட்' என்ற காவல் அமலில் இருக்கும்போது அநேக லினக்ஸ் முறைமைகள் இதை அனுமதிப்பதில்லை. உபுண்டுவில் 2012 முதல் இது தானாக வருவதுமில்லை. விஷயம் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

எந்த மாற்றம் செய்தாலும் ஒரு காகிதத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றத்துக்கு மேல் வேண்டாம். பரீட்சையை மேஜையின்மேலேயே நடத்துங்கள். வேலையைச் சேமித்துவிட்டு, பாட்டரி எத்தனை பங்கு என்று குறித்துக்கொண்டு, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைச் சாத்துங்கள். கால் மணி கழித்து அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். மறுநாள் காலையில் திறந்து, பங்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். மூன்று ராத்திரி இப்படி ஒழுங்காகத் தூங்கினால், நான்காம் நாள் பைக்குள் வைக்கலாம்.