சட்டியில் வெந்த அடை

புதுவை நகருக்கு மேற்கே வில்லியனூரும் தெற்கே பாகூரும் உள்ளன. ஏரிப் பாசனம் பெற்ற பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பர். நெல் மிகுந்த ஊர்களிலும் விலைவாசி ஏறும்பொழுது இல்லத்தார் முதலிற் குறைப்பது பருப்பையே. சோறு வயிற்றை நிரப்பிவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை. இதனைச் சிக்கனம் எனப் பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை.

100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 8 கிராம் புரதமே உண்டு. துவரம்பருப்பிலோ ஏறத்தாழ 22 கிராம் உண்டு. அளவு மட்டுமன்று, தன்மையும் வேறு. அரிசியில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்பொழுது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது. வளரும் பிள்ளைகளுக்கு இச்சேர்க்கை இன்றியமையாதது.

“பள்ளியில்தான் நண்பகல் உணவு அளிக்கின்றார்களே!” எனச் சிலர் கூறலாம். உண்மைதான். புதுவையில் பிரெஞ்சு ஆட்சியினர் 1930-ஆம் ஆண்டிலேயே அதனைத் தொடங்கினர். ஆனால், இரவுணவு இல்லத்தாரின் பொறுப்பன்றோ?

இதற்கு ஏற்றது அடை. பிரெஞ்சு ஆட்சி புதுவையில் 1954 நவம்பர் 1-ஆம் நாள் முடிவுற்றது. ரொட்டி சுடும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. ரொட்டி அடுப்பில் வெப்பம் மேலும் கீழும் சூழ்வதால் மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் அமைகின்றது. அத்தகைய அடுப்பு நம் வீட்டில் இல்லையே என வருந்த வேண்டுவதில்லை. கனத்த இருப்புச் சட்டியும், தட்டையான மூடியும், ஒரு பிடி தணலும் போதும். குஜராத்தியர் அரிசி, பருப்பு, சுரைக்காய் ஆகியவற்றைச் சேர்த்துச் சுடும் ‘ஹாண்ட்வோ’ நம் அடைக்கு உடன்பிறந்தது எனலாம்.

200 கிராம் அரிசியையும், கடலைப்பருப்பும் துவரம்பருப்புமாக 100 கிராமையும் மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். சுரைக்காய்த் துருவல், வெங்காயம், கொல்லையிற் பறித்த முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கலவுங்கள். சுரைக்காய் நீர் விடும். ஆதலால் மாவு கெட்டியாகவே இருக்கட்டும். சட்டியில் சிறிது எண்ணெய் காய்ந்ததும் கடுகு தாளித்து, இருவிரற்கடை உயரத்திற்கு மாவை வார்த்து மூடிவிடுங்கள். தீ சிறிதாக இருத்தல் வேண்டும். மூடிமேல் தணலைப் பரப்புங்கள். அவசரப்பட்டுத் தீயை மிகுத்தால் அடி கருகும், நடு வேகாது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். அரைமணி கழித்து ஈர்க்கொன்றைச் செருகிப் பாருங்கள். அதில் மாவு ஒட்டாவிடின் வெந்துவிட்டது. எரிவாயு அடுப்புடையோர் தணலுக்குப் பதிலாக ஒருமுறை திருப்பிப் போடலாம். விறகடுப்பில் சோறு வடித்தபின் எஞ்சும் தணலே போதுமாதலால் தனி விறகு வேண்டா.

நெல் அறுத்த வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே உளுந்தும் பச்சைப்பயறும் விளைவிப்பது தமிழ்நாட்டு உழவர் வழக்கம். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குகின்றன. விளைந்த பயற்றை எல்லாம் விற்றுவிடாமல் வீட்டுக்கென ஒரு பங்கை நிறுத்திக்கொள்ளும் உழவர் குடும்பம் கடைவிலைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பச்சைப்பயற்றைக் கொண்டும் இவ்வடையைச் செய்யலாம். நிறம் சற்று மங்கும், சுவை குன்றாது.

மாணவியர் மட்டுமே இதனைக் கற்க வேண்டும் என்னும் எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பசி இருபாலார்க்கும் பொது. அம்மியோ அரவை இயந்திரமோ, ஆடவன் கை பட்டால் மாவை அரைக்க மறுப்பதில்லை.

மிஞ்சிய துண்டுகளை மறுநாட் காலையில் தோசைக்கல்லில் வாட்டி உண்ணலாம். கோடையில் மட்டும் இரவோடு தீர்த்துவிடுதல் நன்று.