வாகனத்துக்கு வோக்கி டோக்கி: செட்டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள்

2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது வீதிகள் மண்சரிவில் மூடுண்டன. மின்சாரம் நின்று, பைபர் கேபிள்களும் அறுந்ததால் நாட்டின் பல பகுதிகளில் கையடக்கத் தொலைபேசி வெறும் டோர்ச் லைட்டாக மாறியது. சாமான் ஏற்றிப் போன லொறி எங்கே நிற்கிறது, சாரதிக்கு என்ன நடந்தது என்று அறிய வழியில்லை. அதன் பின்னர் நமது வியாபாரிகள் சிலர் வாகனத்துக்கு வோக்கி டோக்கி பூட்டுவது பற்றி விசாரிக்கத் தொடங்கியுள்ளனர். நல்ல யோசனைதான். ஆனால் அவர்கள் முதலில் கேட்பது செட்டின் விலையை. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதற்கேள்வி அனுமதிப்பத்திரம். நமது நாட்டில் ரேடியோ அலைவரிசையைப் பாவிக்க தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. ஐரோப்பாவில் 446 மெகாஹேர்ட்ஸில் அரை வொட் செட்டை எவரும் அனுமதியின்றிப் பாவிக்கலாம் என்பது உண்மை. அதற்காக வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்ததை இங்கே பாவிக்க முடியாது. யுத்த காலத்தில் இத்தகைய செட் ஒன்று கையில் அகப்பட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. 2019 ஏப்ரலுக்குப் பின் நம்மவர் வீடுகளிலும் கடைகளிலும் நடந்த சோதனைகளும் எவருக்கும் மறந்திருக்காது. பத்திரமில்லாத செட் ஒன்று வேனில் கிடப்பதை விட, செட்டே இல்லாமல் இருப்பது மேல்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பாவ்பெங் போன்ற சீன செட்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு. பட்டன்களை அமுக்கியே எந்த அலைவரிசைக்கும் போகலாம். சாரதியோடு ஏறிய பொடியன் விளையாட்டாக அமுக்கி, பிறருடைய அலைவரிசையில் பேசிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளிதான். வியாபாரத்துக்கு ஏற்றது, அனுமதித்த அலைவரிசையை மட்டும் ஏற்றிப் பூட்டிய செட். ஒரு சத்தக் குமிழ், ஒரு செனல் குமிழ், பேசும் பட்டன். இவை போதும். அமெச்சூர் ரேடியோ அனுமதி எடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அது பரீட்சை எழுதிப் பெறுவது, வியாபாரப் பேச்சுக்கு உரியதுமல்ல.

அடுத்தது நமது நிலம். கரவனெல்லயிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கல பக்கம் ஏறினாலும், புளத்கொஹுபிட்டிய பக்கம் திரும்பினாலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றவை. பெட்டியில் எத்தனை கிலோமீற்றர் என்று அச்சடித்திருந்தாலும் நடுவில் மலை நின்றால் அந்தக் கணக்கு செல்லாது. மரமடர்ந்த மலைநாட்டில் 150 மெகாஹேர்ட்ஸ் அளவிலுள்ள வீஎச்எப் பொதுவாக நல்லது. கட்டடம் நிறைந்த நகரத்துக்கு 400க்கு மேற்பட்ட யூஎச்எப். பழைய 27 மெகாஹேர்ட்ஸ் சீபி செட்டுக்கு முழு அளவில் அன்டனா வைத்தால் இரண்டே முக்கால் மீற்றர் வரும். நமது வீதியோர மரக்கிளைகள் அதை எத்தனை நாள் விட்டுவைக்கும்? வீஎச்எப் அன்டனா அரை மீற்றர்தான்.

ஆகவே காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அன்டனா. ஐந்து வொட் கைச் செட்டை இரும்புக் கூட்டுக்குள் இருந்து பேசினால் பாதிச் சக்தி தகரத்தோடு போய்விடும். அதே செட்டுக்குக் கூரையின் நடுவில் அன்டனா வைத்தால் பேச்சு தெளிவாகும். கடையிலும் மாடிக்கு மேலே உயரத்தில் ஒன்று வேண்டும். வாகனத்தில் நிலையாகப் பூட்டும் 25 வொட் செட் இன்னும் நல்லது. அதற்கான வயரை பியூஸ் போட்டு நேரே பெற்றரியிலிருந்து எடுக்க வேண்டும்.

லொறிக்காரர்கள் இதைக் கவனிக்கவும். வேனில் 12 வோல்ட், பெரிய லொறியில் 24 வோல்ட். செட்டுகள் அநேகமாக 12 வோல்ட்டுக்கானவை. சில பாஸ்மார் இரண்டு பெற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துக் கொடுப்பார்கள். செட் வேலை செய்யும். ஆனால் ஒரு பெற்றரி இறங்க, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகி இரண்டுமே பழுதாகும். பெற்றரிச் சோடியின் விலையோடு பார்த்தால் 24ஐ 12ஆக்கும் கன்வேட்டர் பெரிய செலவல்ல.

ஒரே வேன் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஒரே பாதையில் இரண்டு மூன்று வாகனம் ஓட்டுபவருக்குத்தான் பிரயோசனம். ஒரே பஸாரில் உள்ள நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு அலைவரிசையும், மலையுச்சியில் ஒரு ரிப்பீட்டரும் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்பது இன்னும் புத்திசாலித்தனம். வர்த்தகச் சங்கங்கள் சந்தா சேர்ப்பதோடு நிற்காமல் இதிலும் கொஞ்சம் அக்கறை காட்டலாம்.

விற்பனையாளரிடம் போகும்போது அவரிடம் அனுமதிப்பத்திரம் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். பிறகு, பணம் கொடுக்கும் முன்பே, உங்கள் கடைக்கும் வாகனம் போகும் கடைசித் தோட்டத்துக்கும் இடையில் செட்டைப் பரீட்சித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் மழை பெய்யும் ஒரு நாளில், லொறியில் சாமான் ஏற்றிய நிலையில். மறுத்தால் வேறு கடையைப் பாருங்கள்.