விற்க நினைத்த வீடும் வாடகைப் பாக்கியும்

மேல்பட்டாம்பாக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. வீட்டுக்காரர் கடலூரில் மகனோடு இருக்கிறார். மகள் கலியாணத்துக்காக வீட்டை விற்க வேண்டும். விலை பேச ஆள் வருகிறது. ஆனால் குடியிருப்பவரோ ஐந்து மாதமாக வாடகை கொடுக்கவில்லை. காலி செய்யவும் இல்லை. இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது?

பலர் கோபத்தில் மின்சாரத்தை வெட்டுகிறார்கள். தண்ணீர்க் குழாயை அடைக்கிறார்கள். சட்டம் இதை அனுமதிக்கவில்லை. நியாயம் தம் பக்கம் இருந்தும், வீணாகக் குற்றவாளி ஆகிவிடுகிறார்கள்.

முன்பு 1960-ம் ஆண்டுச் சட்டம் இருந்தது. "வேண்டும் என்றே" வாடகை கொடுக்கவில்லையா என்று அதில் பார்ப்பார்கள். அந்த இரண்டு சொல்லை வைத்தே வக்கீல்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள்! இப்போது அது இல்லை. 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22-ந் தேதி அமுலுக்கு வந்தது.

இதன்படி, இரண்டு மாத வாடகை நின்றால் பாக்கியைக் கேட்டு நோட்டீசு கொடுக்கலாம். ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால், வாடகை கோர்ட்டுக்குப் போகலாம். கட்டிவிட்டால் வழக்கு நிற்காது. "வீட்டை விற்கப்போகிறேன்" என்பது மட்டும் காரணம் ஆகாது.

ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "தெரிந்த மனிதர்தானே" என்று வாய்ப்பேச்சில் விட்டவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

ஆள் குடியிருக்கும்போதே வீட்டை விற்கலாமா? தாராளமாக விற்கலாம். வாங்கியவர் புது வீட்டுக்காரர் ஆகிவிடுவார். ஆனால் 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, பழைய பாக்கி அவரைச் சேராது. மாதம் 4,000 ரூபாய் என்றால் ஐந்து மாதத்துக்கு 20,000 ரூபாய். அதை விற்றவரே வசூலிக்க வேண்டும். அத்தோடு, ஆள் இருக்கும் வீட்டை விலை குறைத்துத்தான் கேட்பார்கள்.

ஆகவே முதலில் உட்கார்ந்து பேசுவதே மேல். கரும்பு வெட்டு இல்லாத மாதத்தில் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம். அவர் ஏமாற்றுக்காரர் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டக்கூடாது. பாக்கியில் பாதியைத் தள்ளிக் கொடுத்தால் 10,000 ரூபாய் போகும். விலையில் குறைவது அதைவிட அதிகமாக இருக்கும்.

ஆனால் வாய்ச்சொல் போதாது. இன்ன தேதியில் காலி செய்கிறேன் என்று குடியிருப்பவர் எழுத்தில் நோட்டீசு கொடுக்க வேண்டும். அதை நம்பி விலை பேசிய பிறகு அவர் மறுத்தால், காலி செய்யச் சொல்லிக் கேட்க அதுவே ஒரு காரணம் ஆகும். அந்தக் காகிதம் கைக்கு வரும் வரை, வாங்குகிறவரிடம் முன்பணம் வாங்காமல் இருப்பது நல்லது.