மூடிய துரும்பு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குப் பருத்தித்துறை வரும் பிள்ளைகள் பலருக்குப் போக்கர் தெரிந்திருக்கிறது. விறாந்தையில் மாமாமார் ஆடும் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம்தான் பிடிபடுவதில்லை. தட்டைவடையைக் கடித்தபடி இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, விளங்கவில்லை என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். சொல்லிக் கொடுப்பவர்கள் கணக்கிலேயே நின்றுவிடுவதுதான் காரணம் என்பேன்.

கணக்கு உண்மையில் சின்னது. இரண்டு முதல் ஆறு வரையான தாள்களைக் கழித்தால் மிஞ்சுவது 32. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கு 304. வெட்டும் வலிமையும் இதே வரிசைதான். ராசாவைப் பத்து வெட்டும் என்பதை ஏற்கப் புதியவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்புச் சாதியில், அதாவது மற்றச் சாதிகளை வெட்டும் சாதியில், ஜாக்கும் ஒன்பதும்தான் மேலே. அங்கும் ஆஸ் 11, பத்து 10. கேரளத்தின் இருபத்தெட்டு ஆட்டமும் இதே குடும்பம்.

நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நாலு தாள். பாதிக் கையைப் பார்த்தே, இத்தனை எடுப்போம் என்று கேள்வி கேட்க வேண்டும். ஆகக் குறைந்தது 160. மொத்தத்தில் பாதி 152 என்பதால், கேட்பவர் பாதிக்குச் சற்று மேலே எடுத்துக் காட்டியாக வேண்டும். எதிர்ப்பக்கம் 145 சேர்த்துவிட்டால் கேள்வி கவிழ்ந்தது. கையில் ஆட்டின் (ஹார்ட்) சாதியின் ஜாக், ஒன்பது, ஏழு மூன்றும் இருந்தால் துணிந்து கேட்கலாம்.

கேள்வியை எடுத்தவர் துரும்புச் சாதியில் ஒரு தாளைக் கவிழ்த்து வைப்பார். பிறகு மிச்ச நாலு தாளும் வரும். ஆட்டத்தின் உயிர் அந்தக் கவிழ்ந்த தாளில் இருக்கிறது. போக்கரில் ஒவ்வொருவரும் தன் கையை மறைக்கிறார்; இங்கே துரும்பு எதுவென்று சொந்தக் கூட்டாளிக்கே தெரியாது. இறக்கிய சாதி கையில் இல்லாதவர், ஊகத்தில் ஒரு தாளைக் கவிழ்த்துப் போடுவார். துரும்பு வைத்தவர் மட்டும் அதை எடுத்துப் பார்ப்பார். துரும்பானால் திறப்பார், பிடி வெட்டப்படும். இல்லையென்றால் தாள் கவிழ்ந்தபடியே கிடக்கும். போனது ஜாக்கா, ஏழா என்று மற்ற இருவருக்கும் தெரியாது. பார்த்தவர் முகம் மாறாமல் இருக்கப் பழகுவதற்கு வருடங்கள் பிடிக்கும்.

சாடை காட்டுவது குற்றம். ஆனாலும் கூட்டாளிக்குத் திடீரென்று இருமல் வராத கூட்டத்தை நான் கண்டதில்லை.

காசு வைக்காவிட்டால் போக்கர் சப்பென்று போய்விடும், பயந்து விலக அங்கே காரணமே இருக்காது. முந்நூற்றி நாலுக்கு அந்தத் தேவை இல்லை. தோற்றால் கூட்டாளியின் வாயிலிருந்து வருவதே போதுமான தண்டம். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் குடாநாடு ஆடிய ஆட்டம் இது.

விதிகள் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். எட்டுத் தாளும் வந்தபின் மறுபடி கேட்பதென்றால் எத்தனையிலிருந்து, துரும்பைத் திறந்து ஆடலாமா என்பவற்றில்தான் சண்டை வருகிறது. பிள்ளைகளை இருத்துவதானால் தாளைப் போடுவதற்கு முன் இவற்றைப் பேசி முடியுங்கள். கவிழ்த்த தாளை முதலில் விளக்குங்கள், கணக்கைப் பிறகு சொல்லலாம்.